குளிருக்கு ஒரு மடக்கு

பழவேற்காடு ஏரியைப் பற்றி நீங்கள் புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். கரையில் டச்சுக்காரர்களின் கல்லறைகள் உண்டு. மார்கழி மாதம் விடியற்காலை நான்கு மணிக்கு அந்த ஏரிக்கரை எப்படி இருக்கும் என்பது மட்டும் பாடப்புத்தகத்தில் இல்லை. வாடைக்காற்று எலும்புவரை இறங்கும். அந்த நேரத்தில்தான் மீனவர்கள் இடுப்பளவு நீரில் இறங்கிக் கழிகளை நட்டு வலை கட்டுவார்கள். இறங்குவதற்கு முன் அவர்களில் சிலர் மடியிலிருந்து ஒரு புட்டியை எடுப்பார்கள். கேட்டால், "குளிருக்கு ஒரு மடக்கு" என்பார்கள்.

நான் பிறந்தது அந்தக் கரையிலுள்ள குப்பங்களில் ஒன்றில். இப்போது கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். சென்ற மார்கழியில் பொன்னேரி வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் வெப்பத்தைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று வழக்கமான பாடத்தைச் சொல்லி முடித்ததும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"சார், குளிருக்குன்னு சொல்லி எங்க ஊர்ல குடிக்கிறாங்களே, நிஜமாவே ஒடம்புல சூடு ஏறுதா?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அன்று அவளுக்குச் சொன்னதையும், மணி அடித்துவிட்டதால் சொல்லாமல் விட்டதையும் உங்களுக்கு இங்கே எழுதுகிறேன்.

தோலின் பொய்

முதலில் ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்வோம். சாராயமானாலும் பிராந்தியானாலும் அதில் போதை தருவது எத்தில் ஆல்கஹால் என்னும் ஒரே பொருள்தான். அது ஓர் எரிபொருள். ஒரு கிராம் எரிந்தால் சுமார் 7 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும். அரிசியில் உள்ள மாவுப்பொருளைவிட இது அதிகம். அப்படியானால் குடிப்பவர்கள் சொல்வது சரிதானோ?

இல்லை. உடம்பின் சூட்டை நாம் உணர்வது எதனால்? தோலில் உள்ள நரம்பு முனைகளால். குளிர் அடிக்கும்போது தோலுக்கு அடியிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. சூடான இரத்தம் உள்ளே, இதயம், ஈரல், மூளை ஆகியவற்றின் அருகிலேயே நிற்கிறது. தோல் சில்லிட்டுப் போகிறது. உள்ளே வெப்பம் காப்பாற்றப்படுகிறது. ஆல்கஹால் இந்தக் குழாய்களைத் தளர்த்தி விரித்துவிடுகிறது. உள்ளேயிருந்த சூடான இரத்தம் தோலுக்குப் பாய்கிறது. தோல் சூடாகிறது. நரம்பு முனைகள், "ஆகா, குளிர் போய்விட்டது" என்று மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன.

கஞ்சிப் பானையைச் சுற்றித் துணி கட்டி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணியை அவிழ்த்துவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வெதுவெதுப்பாக இருக்கும். கஞ்சி ஆறிப்போகும். அதுவேதான் இங்கும். நீரோ காற்றைவிட ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். இரத்தக் குழாய்களை விரித்துவிட்டுக்கொண்டு ஏரியில் இறங்குகிறவர் தம் உடம்பின் வெப்பத்தை ஏரிக்குத் தானம் செய்கிறார். அது மட்டுமா? குளிரில் உடம்பு நடுங்குவது வெப்பம் உண்டாக்கும் ஓர் ஏற்பாடு. ஆல்கஹால் அந்த நடுக்கத்தையும் குறைத்துவிடுகிறது.

ஆகவே மாணவியின் கேள்விக்கு விடை இது: சூடு ஏறுவதில்லை, இறங்குகிறது, ஆனால் ஏறுவதாகத் தோன்றுகிறது. இந்தத் தோற்றம்தான் இக்கட்டுரையில் நாம் மீண்டும் மீண்டும் சந்திக்கப்போகும் பேர்வழி. ஆல்கஹால் உடம்பின் நிலையைக் கெடுக்கும். அதே வேளையில் அந்த நிலையை அளந்து சொல்லும் கருவியையும் கெடுக்கும். பழுதான வெப்பமானியிடமே போய், "நீ பழுதா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

ஈரலின் கணக்கு

நாம் உண்ணும் சோறு செரிமானமாகிச் சிறு துகள்களாக உடைந்த பிறகே இரத்தத்தில் சேரும். ஆல்கஹாலுக்கு அந்தத் தாமதம் கிடையாது. அதன் மூலக்கூறு மிகச் சிறியது: இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்ஸிஜன், மொத்தம் ஒன்பதே அணுக்கள். நீரிலும் கரையும், கொழுப்புச் சவ்வுகளையும் கடக்கும். இரைப்பையிலிருந்து கொஞ்சமும் சிறுகுடலிலிருந்து பெரும்பகுதியுமாக அப்படியே இரத்தத்தில் கலந்து, உடம்பில் எங்கெல்லாம் நீர் உண்டோ அங்கெல்லாம் பரவுகிறது. மூளையைக் காக்கும் தடுப்பு அதற்குத் தடுப்பே அல்ல. கருவுற்ற தாய் குடித்தால் கருவிலுள்ள குழந்தைக்கும் போய்ச் சேரும்.

இதை அப்புறப்படுத்தும் வேலை பெரும்பாலும் ஈரலுடையது. அங்கே ஒரு நொதி ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாற்றுகிறது. இரண்டாவது நொதி அதை அசிட்டேட் என்ற தீங்கற்ற பொருளாக்குகிறது. பிறகு அது கரியமில வாயுவும் நீருமாக முடிகிறது.

இதில் இயற்பியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய விந்தை ஒன்று உண்டு. சூடான பாலைக் குளிரவிட்டால் முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் ஆறும். கதிரியக்கப் பொருள் தேய்வதும் அப்படியே. ஆல்கஹால் அப்படித் தேய்வதில்லை. ஒரே ஒரு படகு உள்ள துறையை நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் ஐம்பது பேர் நின்றாலும் ஐந்நூறு பேர் நின்றாலும் ஒரு தடவைக்குப் படகு கொள்ளும் ஆள்களே அக்கரை சேர்வார்கள். ஈரலின் நொதியும் அந்தப் படகைப் போன்றது. மணிக்குச் சுமார் 7 அல்லது 8 கிராம். அதற்கு மேல் பெரிதாக ஓடாது. வரைபடத்தில் வளைகோடு வராது, ஏறக்குறைய நேர்கோடுதான் வரும்.

ஒரு கணக்குப் போடுவோமா? கடையில் விற்கும் குவார்ட்டர் புட்டியில் 180 மில்லிலிட்டர் இருக்கும். அதில் ஏறத்தாழ நூற்றுக்கு 43 பங்கு ஆல்கஹால். அதாவது 77 மில்லிலிட்டர். ஆல்கஹாலின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.79 கிராம். பெருக்கினால் சுமார் 61 கிராம். அறுபது கிலோ எடையுள்ள ஆடவர் ஒருவர் இதை ஒரே மூச்சில் குடித்தால், அவருடைய 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 150 மில்லிகிராம் ஆல்கஹால் சேரும். மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் அது குறையும். இரவு 9 மணிக்குக் குடித்தவருக்கு விடியற்காலை 4 மணிக்கு எவ்வளவு மிச்சம்? ஏழு மணி நேரத்தில் 105 போகும், 45 மிச்சம். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆக, "ராத்திரி குடிச்சேன், தூங்கி எழுந்துட்டேன், இப்ப தெளிவா இருக்கேன்" என்று சொல்லித் தோணியில் ஏறுகிறவர் உண்மையில் இன்னும் தெளியவில்லை. தெளிந்துவிட்டேன் என்று சொல்வதும் அந்தப் பழுதான கருவிதான்!

மோர், எலுமிச்சைச் சாறு, கடுங்காப்பி, தலையில் இரண்டு குடம் தண்ணீர் ஆகியவற்றால் அந்த நேர்கோட்டின் சாய்வை மாற்ற முடியாது. காப்பி குடித்தவன் விழித்துக்கொண்டிருக்கும் போதைக்காரன், அவ்வளவே.

போக்குவரத்துக் காவலர் ஊதச் சொல்லும் கருவியும் இந்தக் கணக்கைத்தான் செய்கிறது. நுரையீரலில் இரத்தமும் காற்றும் மெல்லிய சவ்வின் இரு பக்கங்களிலும் நிற்கின்றன. இரத்தத்திலுள்ள ஆல்கஹாலில் ஒரு பங்கு ஆவியாகிக் காற்றில் சேர்கிறது. சுமார் 2,100 மில்லிலிட்டர் மூச்சுக் காற்றில் உள்ள ஆல்கஹாலும் 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ள ஆல்கஹாலும் சமம். ஊதுவதற்கு முன் ஏலக்காய் மென்றால் காவலரின் மூக்கை ஏமாற்றலாம், கருவியை ஏமாற்ற முடியாது.

ஈரலின் அந்த முதல் நொதியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 மே மாதத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் என்ற மீனவக் கிராமத்திலும், அதே நாள்களில் செங்கல்பட்டுப் பகுதியிலும் கள்ளச்சாராயம் குடித்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்கள் குடித்தது எத்தனால் அல்ல. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால். அதுவும் நிறமற்ற நீர்மம். அடர்த்தியும் 0.79. மிதவைமானியை மிதக்கவிட்டுப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. ஆனால் அதே நொதி மெத்தனாலைப் ஃபார்மால்டிஹைடாக மாற்ற, அது ஃபார்மிக் அமிலமாகிறது. எறும்பு கடித்தால் கடுப்பது அந்த அமிலத்தால்தான். அது பார்வை நரம்பை அழித்து, இரத்தத்தை அமிலமாக்கி ஆளைக் கொல்கிறது. மருத்துவமனையில் அந்த நொதி மெத்தனாலைத் தொடாதபடி தடுக்கும் மருந்து கொடுப்பார்கள். நேரத்தில் போய்ச் சேர்ந்தால்தான் பயன். பலர் பார்வை மங்கும்வரை, அது வெறும் போதை மயக்கம் என்று எண்ணி வீட்டிலேயே படுத்துவிடுகிறார்கள்.

முட்டையும் உள்காதும்

இப்போது ஒரு சோதனை. ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதி நீர் எடுத்து ஒரு கோழிமுட்டையைப் போடுங்கள். மூழ்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்கினால் ஒரு கட்டத்தில் முட்டை மேலும் போகாமல் கீழும் போகாமல் நடுவில் தொங்கும். முட்டையின் அடர்த்தியும் நீரின் அடர்த்தியும் இப்போது சமம். இன்னும் ஒரு சிட்டிகை உப்பு: முட்டை மேலே. கொஞ்சம் நல்ல தண்ணீர்: முட்டை கீழே. (எங்கள் ஏரியே இப்படி ஒரு தம்ளர்தான். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும்; கோடையில் நீர் வற்றி உப்பேறும்.)

உங்கள் காதின் உட்பகுதியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றில் ஒரு நீர்மம் நிரம்பியிருக்கிறது. ஒவ்வொரு குழலிலும் கூழ் போன்ற ஒரு சிறு கதவு உண்டு. தலையைத் திருப்பினால் நீர்மம் பின்தங்கும், கதவு வளையும், அடியிலுள்ள நுண்மயிர்கள் "தலை திரும்புகிறது" என்று மூளைக்குச் சொல்லும். இந்தக் கதவின் அடர்த்தியும் நீர்மத்தின் அடர்த்தியும் சமம். உப்பு நீரில் நடுவே நிற்கும் முட்டையைப் போல! அதனால்தான் நீங்கள் படுத்தாலும் நிமிர்ந்தாலும் கதவு புவியீர்ப்பால் சாய்வதில்லை.

குடித்தவருக்கு என்ன ஆகிறது? கதவின் அருகே இரத்தக் குழாய்கள் உண்டு. ஆல்கஹால் முதலில் கதவுக்குள் போகிறது. நீரைவிட ஆல்கஹால் இலேசானது. கதவு இலேசாகி மிதக்கத் தொடங்குகிறது. அவர் படுத்ததும் அது ஒரு பக்கம் வளைகிறது. தலை அசையாமலே, "சுற்றுகிறது, சுற்றுகிறது" என்று மூளைக்குச் செய்தி போகிறது. கூரை சுழல்கிறது. சில மணி நேரத்தில் நீர்மத்திலும் ஆல்கஹால் சேர்ந்து அடர்த்தி சமமாகிவிடும், சுற்றல் நின்றுவிடும். பிறகு கதவிலிருந்துதான் ஆல்கஹால் முதலில் வெளியேறுகிறது. அப்போது கதவு கனமாகி எதிர்ப்பக்கம் வளைகிறது! இந்த இரண்டாவது சுற்றல், இரத்தத்தில் ஆல்கஹால் முழுவதும் தீர்ந்த பிறகும் சில மணி நேரம் நீடிக்கும்.

இது உண்மைதானா என்று எப்படிச் சோதிப்பது? 1974-இல் கனடாவைச் சேர்ந்த மணி, மைல்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் ஓர் அழகான வழி கண்டார்கள். சாதாரண நீரைவிடக் கனமான கனநீரைச் சிறிதளவு குடிக்கச் செய்து கண்களின் அசைவைப் பார்த்தார்கள். ஆல்கஹால் குடித்தவரின் கண்கள் எந்தப் பக்கம் துள்ளுமோ அதற்கு நேர்மாறான பக்கம் துள்ளின. எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த அடர்த்திச் சோதனைகளுள் இது ஒன்று. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் செய்துகாட்ட இயலாதே என்பதுதான் குறை!

தோணியில் நின்றுகொண்டு கழி ஊன்றுகிறவருக்கு இந்தக் கதவுகள்தான் சமநிலைக்கு ஆதாரம். அவற்றோடு சிறுமூளையும் தள்ளாடினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

தராசின் இரு தட்டுகள்

மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று வேதிப்பொருள்களால் பேசிக்கொள்கின்றன. அவற்றுள் இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் நமக்குப் போதும். காபா என்பது "நில்" என்று சொல்லும். குளூட்டமேட் என்பது "ஓடு" என்று சொல்லும். ஆல்கஹால் "நில்" என்பதை உரக்கச் சொல்ல வைக்கிறது. "ஓடு" என்பதன் வாயைப் பொத்துகிறது. அப்படியானால் குடித்தவர் ஏன் ஆடிப் பாடுகிறார், சண்டைக்கு வருகிறார் என்று கேட்பீர்கள். முதலில் தூங்கிப்போவது, "இதைச் சொல்லாதே, அதைச் செய்யாதே" என்று தடுக்கிற முன்மூளை. சைக்கிளில் பிரேக் அறுந்தால் வேகம் கூடுவதில்லையா? மிதிப்பவனுக்குப் புது வலிமை வந்துவிடவில்லை.

நாள்தோறும் குடித்தால் மூளை சும்மா இருக்காது. மீன் ஏலம் விடும் இடத்தில் தராசைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தட்டில் யாரோ தினமும் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போகிறார். முள் நேராக நிற்க மறுதட்டில் நாமும் ஒரு கல்லை வைத்துத்தானே ஆக வேண்டும்? மூளையும் "ஓடு" தட்டில் கல்லை வைக்கிறது. "நில்" தட்டின் காதைக் கொஞ்சம் செவிடாக்குகிறது. இப்போது பழைய அளவு குடித்தால் போதை ஏறுவதில்லை. "எங்க மாமா எவ்வளவு குடிச்சாலும் ஸ்டெடியா நிப்பாரு" என்று பெருமை பேசுகிறோமே, அந்த மாமாவின் தராசில் இரு பக்கமும் கல் ஏறிவிட்டது என்று பொருள். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. டாக்டரிடம் போக வேண்டியவர் அவர்.

அப்புறம் ஒருநாள் அவர் குடியைச் சட்டென்று நிறுத்துகிறார்.

இதை நான் புத்தகத்தில் படித்ததற்கு முன்பே எங்கள் வீட்டில் பார்த்தேன். 1994-ஆம் ஆண்டு. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். ஏரியில் எங்கே யார் என்று வலை கட்டுவது என்பதைப் பாடு என்ற முறைப்படி ஊரில் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். தலைக்கட்டுக்கு ஒரு முறை. நமக்கு வரும் நாளைத் தவறவிட்டால் அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டியதுதான். எங்கள் பாடு வந்த நாளில் அப்பா எழுந்திருக்கவில்லை. அதுவும் நல்ல இறால் காலம். அன்று மாலை அம்மா எதுவும் பேசாமல் அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் அப்பா அம்மன் கோவிலுக்குப் போய், இனித் தொடுவதில்லை என்று கையில் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்.

முதல் நாள் வலை ஊசியில் நூல் கோக்க முடியாமல் கை நடுங்கியது. இரண்டாம் நாள் வேர்த்துக் கொட்டியது. இரவு முழுவதும் தூக்கமில்லை. மூன்றாம் நாள் இரவு எழுந்து உட்கார்ந்து, வெறும் காற்றைக் கைக்குக் கை மாற்றி இழுக்கத் தொடங்கினார். வலை இழுக்கிறார் என்று எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. "புடிடா அந்தப் பக்கம், கிழிச்சிக்கினு போவுது பாரு" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நானும் பயத்தில் எழுந்து இல்லாத வலையின் ஒரு முனையைப் பிடித்தேன். சுவரெல்லாம் நண்டு ஏறுகிறது என்றார். காத்து கருப்பு என்றார்கள் அக்கம்பக்கத்தார். "கயித்தை அவுத்துட்டு ஒரு கிளாஸ் ஊத்துங்க, சரியாப் பூடும்" என்றார் ஒரு பெரியவர். விடிந்ததும் பக்கத்து வீட்டு அண்ணன் படகுக்காரர்களைக் கூப்பிட்டு அப்பாவைப் பொன்னேரிக்குத் தூக்கிச் சென்றார்.

அங்கே டாக்டர் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி: "கடைசியாக் குடிச்சு எத்தனை நாள் ஆச்சு?"

"மூணு நாளுங்க. சத்தியம் பண்ணி விட்டுட்டாரு, டாக்டரய்யா."

"பேயும் இல்ல, பைத்தியமும் இல்லம்மா. இது ஒரு வியாதி."

அந்தப் பெரியவர் சொன்ன வழியில் பாதி உண்மை உண்டு என்பதை இப்போது நீங்களே கண்டிருப்பீர்கள். ஒரு கிளாஸ் ஊற்றினால் நடுக்கம் நிற்கும். தராசில் எடுத்த கல்லைத் திரும்ப வைத்தால் முள் நேராகத்தானே நிற்கும்? கல்லைச் சட்டென்று எடுத்ததால் மறுதட்டு தடாலென்று கீழே போயிற்று. "ஓடு, ஓடு" என்று மூளை முழுவதும் ஒரே கூச்சல். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு ஆகியவை கடைசிக் குடிக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தொடங்கும். முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள், எல்லாருக்கும் அல்ல, நீண்ட நாள் மிகுதியாகக் குடித்தவர்களில் சிலருக்கு, என் அப்பாவுக்கு வந்தது போன்ற புத்தி மாறாட்டம் வரும். தம் தொழிலையே வெறுங்கையால் செய்துகாட்டுவது அந்நோயின் ஓர் அடையாளம் என்று மருத்துவ நூல்களில் இருக்கிறது. தையற்காரர் தைப்பார், ஓட்டுநர் வண்டி ஓட்டுவார். சரியான மருத்துவம் இல்லாத காலத்தில் இந்நிலையை அடைந்த பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் இறந்துபோனார்கள்.

டாக்டர் கொடுத்தது, காபாவின் "நில்" என்ற குரலுக்கு வலுவூட்டும் மருந்து. நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார். கல்லை ஒரேயடியாக எடுக்காமல் படிப்படியாக எடுப்பதுதான் உத்தி. ஒரு வாரத்தில் அப்பாவின் பார்வை தெளிந்தது. இன்னொன்றும் ஊசி வழியே கொடுத்தார்: தயமின் எனப்படும் வைட்டமின் பி1. குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் குடல் இந்த வைட்டமினைச் சரியாக ஏற்பதில்லை. அது குறைந்தால் நடை தள்ளாடி, கண் அசைவு கெட்டு, நினைவே அழிந்துபோகும். தீட்டிய அரிசி தின்ற கோழிகளைக் கவனித்து, இந்த வைட்டமின் கண்டுபிடிக்கப்பட வழி காட்டியவர் எய்க்மன். பழவேற்காட்டில் கோட்டை கட்டிய அதே டச்சு நாட்டவர் அவர். ஆராய்ச்சி செய்தது ஜாவாத் தீவில். 1929-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

பிறகு?

நடுக்கம் நின்றது. குடி நின்றதா? ஐந்தாவது மாதம், திருவிழா அன்று அப்பா மறுபடி குடித்தார். இதை நான் மறைக்கப் போவதில்லை. ஏனென்றால் இதிலும் பாடம் உண்டு. பாவ்லோவின் நாயை நீங்கள் அறிவீர்கள். மணியோசை கேட்டதுமே அதற்கு உமிழ்நீர் ஊறும். அதே விடியற்காலை நான்கு மணி, அதே துறை, அதே சிநேகிதர் தோளில் தட்டுவது ஆகிய ஒவ்வொன்றும் அப்பாவுக்கு ஒரு மணியோசை. முதல்முறை அம்மா அழுதார். ஊரார், "சத்தியத்தை மீறிட்டான்" என்றார்கள். டாக்டர் மட்டும், "காய்ச்சல் திரும்ப வந்தா திரும்ப மருந்து கொடுக்கறதில்லையா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மருந்து எழுதினார். இரண்டாம் முறை அப்பா துறையையே மாற்றிக்கொண்டார். நான்கு மணிக்கு அம்மா சுக்குத் தண்ணீர் போட்டுத் தூக்கில் கொடுத்தனுப்பினார். அதன் பிறகு அவர் குடிக்கவில்லை.

இவ்வாறு இதை ஒரு நோயாகக் கண்டு மருத்துவம் செய்வது நம் ஊரில் அவ்வளவு பழைய செய்தியல்ல. 1979-இல் சென்னையில் தம் கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன், மறு ஆண்டே அவர் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் மருத்துவமனை சென்னை இந்திரா நகரில் இருக்கிறது. நோயாளியை மட்டுமன்றிக் குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசுவது அவர்கள் முறை. மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களுக்கே போய் முகாம் நடத்தியும் இருக்கிறார்கள். இன்று 14446 என்ற எண்ணில் மத்திய அரசின் இலவச உதவித் தொலைபேசியும் உண்டு.

பழுதான கருவிகள் சரியாகுமா? பெரும்பாலும் ஆகும். 1978-இல் டொராண்டோ நகரில் கார்லன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், குடியை விட்டவர்களின் மூளையை ஊடுகதிர்ப் படங்கள் எடுத்துப் பார்த்தார்கள். சுருங்கியிருந்த மூளை சிலருக்குத் திரும்பப் பருமன் அடைந்திருந்தது. ஈரலில் படிந்த கொழுப்பு சில வாரங்களில் கரையும். தூக்கம் சீராக மாதங்கள் ஆகலாம். ஈரல் வடுப்பட்டு இறுகிவிட்டால் அந்த வடு பெரும்பாலும் மறைவதில்லை. உங்கள் வயதிலோ மூளை இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை. நன்மை தீமை பார்க்கும் முன்மூளை முற்றுப்பெற இருபத்தைந்து வயதுவரை ஆகும். இள வயதில் தொடங்குகிறவர்கள் இந்நோயில் விழுவது அதிகம் என்பதற்கு இது ஒரு காரணம்.

அன்று பள்ளியில் என் அப்பாவின் கதைவரை சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மாணவர்கள் போனார்கள். அந்த மாணவி மட்டும் வராந்தாவில் நின்றாள்.

"சார், மூணாம் நாள்னு சொன்னீங்களே, அதை எதுலேருந்து எண்ணணும்? கயிறு கட்டினதுலேருந்தா, கடைசியாக் குடிச்சதுலேருந்தா?"

"கடைசியாகக் குடித்த நேரத்திலிருந்து."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "அப்ப இன்னிக்கு ராத்திரி, சார். காலையிலேயே எங்கப்பாவுக்குக் கை நடுங்குச்சு. சுவத்துல என்னவோ ஊறுதுன்னாரு."

தலைமையாசிரியரிடம் சொல்லி ஓர் ஆட்டோவை வரவழைத்தோம். குப்பத்தில் அவர் வர மறுத்தார். என் அப்பா இழுத்த வலையைப் பற்றி அவரிடம் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார். பொன்னேரியில் டாக்டர் பார்த்துவிட்டு அன்றே படுக்கை கொடுத்துச் சேர்த்துக்கொண்டார். மருந்து ஆரம்பித்தார்கள். இரவு வலிப்பு வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை என் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கை இன்னும் கொஞ்சம் நடுங்கியது. அவருக்கு எப்போது பாடு வருகிறது என்று அப்பா விசாரித்தார். அடுத்த மாதம் என்றார் அவர். இருவரும் வலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.